உடையாத அச்சு

"அதைத்தாண்ணே நானும் கேக்குறேன். எது உடையணும்?"

ஒச்சப்பனுக்கு விளங்கல. அவன் கேட்டது எது உடையாதுன்னு. காலையில இருந்து மாத்தி மாத்தி அதையேதான் கேக்குறான். தாகிர்பாய் கேள்வியைத் திருப்பிப் போட்டுட்டு, தகரச் சட்டியில மண்ணெண்ணெய் ஊத்தி பேரிங் கழுவிக்கிட்டிருந்தாரு.

"உடையக் கூடாதுன்னுதான ஆசானே உங்ககிட்ட வந்தேன். எது உடையணும்னு தெரிஞ்சுக்கவா ஒருத்தன் பட்டறைக்கு வருவான்?"

"அது தெரியாமப் போறவுகதாண்ணே திரும்பத் திரும்ப வர்றாக. எனக்கும் பொழப்பு ஓடுது."

தாகிர்பாய் பட்டறை போடியில மலை மெட்டுக்கு ஏறுற ரோட்டு ஓரத்துல இருக்கு. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்துற வண்டியெல்லாம் உடம்புக்கு முடியலைன்னா அங்கதான் வந்து படுக்கும். தாகிர்பாய்க்கு வயசு நாப்பதைத் தாண்டியிருக்காது. ஒச்சப்பன் பேரன் எடுத்தவன். ஆனாலும் மூத்தவன் இளையவரை ஆசானேம்பான், இளையவரு மூத்தவனை அண்ணேம்பாரு. ஆரம்பத்துல ஒச்சப்பன் நக்கலுக்குத்தான் அப்படிக் கூப்பிட்டான். ஜீப்பு சாஞ்சதுக்கப்புறம் நக்கல் போயிருச்சு. ஆசான் மட்டும் நின்னுட்டாரு.

ஜீப்பு சாஞ்சது இப்படி.

தோட்டத்துக்குப் பொம்பளையாளுகளை ஏத்திக்கிட்டுப் போறதுதான் ஒச்சப்பனுக்கு வேலை. தார் ரோட்டை விட்டு மஞ்சப்பாறைக்குத் திரும்பினா, அதுக்கு மேல ரோடுங்கிறது பேருக்குத்தான். ஓடைக்கும் அதுக்கும் ஒரே வித்தியாசம், ஓடையில தண்ணி இருக்கும். அந்த ஏத்தத்துல ஓடுற வண்டிகள்ல ஒரு பழக்கம் உண்டு. பின்னாடி ஓரமா உக்கார்ற பொம்பளை காலுக்கடியில ஒரு மரக்கட்டை வச்சிருப்பா. வண்டி ஏத்தத்துல நின்னுட்டா, யாரும் சொல்றதுக்கு முன்னாடி அவ குதிக்கணும். சக்கரத்துக்குப் பின்னாடி கட்டையைச் சொருகணும். "போட்டாச்சு"ன்னு அவ கத்தினதுக்கப்புறம்தான் டிரைவர் பிரேக்குல இருந்து காலை எடுப்பான். அந்த இடத்துல எல்லாரையும் உக்கார விட மாட்டாங்க. ஒச்சப்பன் வண்டியில அது விருமாயி இடம். விருமாயி அவன் சம்சாரம்.

அன்னைக்கு ஏத்தத்துல பின் சக்கரத்தைச் சுத்துற ஷாப்டு ஒடிஞ்சது. ஷாப்டு ஒடிஞ்சதும் சக்கரம் பிரேக் டிரம்மையும் சேத்துக் கூட்டிக்கிட்டு வெளிய போயிருச்சு. ஒச்சப்பன் பிரேக்கை மிதிச்சான். கால் அடி வரைக்கும் போச்சு, வண்டி கேக்கல. பள்ளத்துப் பக்கமா இறங்க ஆரம்பிச்சது. விருமாயி கட்டையோட குதிச்சா. சக்கரம் இருந்த இடத்துல சக்கரம் இல்ல. அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு ஓட நேரமும் இல்ல. தரையில இழுத்துக்கிட்டு வந்த அச்சுக் கூட்டுக்கு, ஷாப்டு ஓடுற இரும்புக் குழாய்க்கு, அடியில கட்டையைக் கொடுத்து அமுக்கினா. வண்டி நின்னுச்சு. எல்லாரும் இறங்கினாங்க. கட்டையோட சேந்து மாட்டிக்கிட்ட அவ இடது கையை வெளிய எடுக்கத்தான் கொஞ்ச நேரம் ஆச்சு.

கை இருக்கு. தோளுக்கு மேல போகாது. எதையாவது பிடிச்சா பிடி நிக்காது.

அதுக்கப்புறம் ஒச்சப்பன் ஸ்டியரிங்கைத் தொடல. ஜீப்பை எடைக்குப் போட்டான். ராணுவத்துல கழிச்சுக்கட்டின பழைய லாரி ஒண்ணைப் பிடிச்சான். குட்டி லாரி, நாலு சக்கரமும் இழுக்கும். அதைப் பட்டறையில நிறுத்தி, தாகிர்பாய் சொல்லச் சொல்லத் தானே பிரிச்சான், தானே மாட்டினான். சேசிஸ் தேய்ச்சாச்சு. இஞ்சின் உக்காந்தாச்சு. ஆளுக உக்கார்ற பாடியும் அடிச்சாச்சு. பாக்கி பின் அச்சு ஒண்ணுதான். எந்த அச்சைப் போடுறதுங்கிறதுல வேலை நின்னுருச்சு.

அடுத்த வாரம் பறிப்பு தொடங்குது. பொம்பளையாளுக வீட்டு வாசல்ல வந்து கேட்டுட்டாங்க, உன் வண்டி வருதா, நாங்க வேற வண்டி பாத்துக்கிறவான்னு. ஒச்சப்பன் வாயைத் திறக்குறதுக்குள்ள விருமாயி சொல்லிட்டா:

"வருது. முத ஆளா நான் ஏறுறேன்."

அதுல இருந்துதான் ஒச்சப்பனுக்குத் தூக்கம் இல்ல. படுத்தா, கால் அடி வரைக்கும் போகுது.

"ஆசானே, நான் முடிவு பண்ணிட்டேன்"ன்னான் இப்ப. "அந்த அச்சை மாட்டிருவோம்."

வேப்பமரத்தடியைக் காட்டினான். அங்க ஒரு பெரிய லாரியோட பின் அச்சு கிடந்துச்சு. கூடு ஆளு தொடை தண்டி. நடுவுல இருக்கிற உருண்டை பொங்கப் பானை கணக்கா இருக்கும். யாருது, எங்க இருந்து வந்துச்சுன்னு தாகிர்பாய்க்கே மறந்துபோச்சு. பட்டறைக் கோழி ரெண்டு அது மேலதான் அடையும்.

"எதுக்கு அது?"

"பாத்தாலே தெரியுதே. பத்து டன் தாங்கினது. பதினஞ்சு பொம்பளைகளத் தாங்காதா?"

தாகிர்பாய் பேரிங்கை வெளிச்சத்துல பிடிச்சுச் சுத்திவிட்டுப் பாத்தாரு. அவருக்கு அன்னைக்கு இடுப்புப் பிடிப்பு வேற. ஸ்டூல்ல இருந்து எந்திரிக்கிறதுக்கே யோசனை பண்ணிக்கிட்டிருந்தாரு.

"கோம்பையில ஒருத்தன் இப்படித்தாண்ணே, லாரி அச்சுதான் வேணும்னு நின்னான். சரின்னு போட்டுக் கொடுத்தேன். அச்சு கனத்துல இஞ்சின் இழுக்கல. லாரி இஞ்சின் போட்டான். அந்த இஞ்சினை சேசிஸ் தாங்கல. லாரி சேசிஸ் வாங்கினான்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. இப்ப அவன்கிட்ட ஒரு லாரி இருக்கு."

"மலைக்கு ஏறுதா?"

"லாரி எங்கண்ணே அந்த ஏத்தத்துல ஏறும்? கீழ செங்கல் லோடு அடிக்கிறான்."

ஒச்சப்பன் சிரிக்கல. சிரிக்கிற தெம்பு இருந்தா அவன் ஆசானை விட நல்லாச் சிரிக்கிறவன்.

"நான் இஞ்சினெல்லாம் மாத்தல. அச்சு மட்டும்."

"சரி. வாங்க, இப்படி உக்காருங்க. ஜீப்புல முத முதல்ல எது உடைஞ்சது?"

"எப்ப?"

"வாங்கின புதுசுல."

ஒச்சப்பன் யோசிச்சான். "பட்டை."

"பின்னாடி ஸ்பிரிங் பட்டை. என்ன செஞ்சீக?"

"கூட ரெண்டு பட்டை அடிச்சேன். எல்லாரும் அடிக்கிறதுதான."

"எல்லாரும் அடிக்கிறதுதான். அடிச்சதும்?"

"கூட நாலு பேரு ஏறினாங்க."

"அப்புறம் எது உடைஞ்சது?"

"கிராஸ்." இஞ்சின் சுத்துறதைப் பின் அச்சுக்குக் கொண்டுபோற ராடு முனையில இருக்கிற சின்னச் சாமான் அது. உள்ளங்கையில அடங்கும். "மாசத்துக்கு ஒண்ணு போகும் சனியன். நடுவழியில நிப்பேன். விருமாயி கட்டை போடுவா. நான் அடியில படுத்துக் கிராஸ் மாத்துவேன். பொம்பளைக எல்லாம் இறங்கி வெத்தலை போடுவாங்க. மாத்தி முடிக்கிறதுக்குள்ள ஊர்ல ஒருத்தன் கதை பாக்கி இருக்காது."

"அதுக்கு என்ன பண்ணீக?"

"பெரிய சைஸ் கிராஸ் போட்டேன். நீங்கதான போட்டுக் கொடுத்தீக."

"நாந்தான். வேணாம்னேன். நீங்க கேக்கல. போட்டதுக்கப்புறம் கிராஸ் உடைஞ்சதா?"

"ஒரு தடவை கூட உடையல."

"ம்."

தாகிர்பாய் அதோட நிறுத்திட்டு, அடுத்த பேரிங்கை எடுத்தாரு. ஒச்சப்பன் அவரு கையையே பாத்துக்கிட்டு இருந்தான். மண்ணெண்ணெய் கறுத்துப்போயி இருந்துச்சு. ரோட்டுல ஒரு ஜீப்பு ஆள் ஏத்தி, பின்னாடி தொங்குறவங்களோட முக்கிக்கிட்டே போச்சு.

"பட்டையில இருந்து கிராஸுக்கு வந்துச்சு"ன்னான் ஒச்சப்பன் மெதுவா. "கிராஸுல இருந்து..."

"சொல்லுங்க."

ஒச்சப்பன் ரோட்டைப் பாத்தான்.

அந்த நேரத்துக்கு விருமாயி வந்தா. வலது கையில தூக்குச்சட்டி. வெயில்ல நடந்து வந்ததுல மூஞ்சி கறுத்திருந்துச்சு. ஒச்சப்பன் வேகமா எந்திரிச்சுப் போயி, அவ கையில இருந்து தூக்கைப் பிடுங்கினான்.

"நான்தான் வந்து எடுத்துக்கிறேன்னேன்ல? எதுக்கு இதைத் தூக்கிட்டு வர்ற?"

"கஞ்சி மாமா. கருங்கல்லா?"

"கையி..."

"இந்தக் கை நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ஒண்ணும் ஆகல." தாகிர்பாய் பக்கம் திரும்பினா. "தம்பி, இவருக்கிட்ட நீயாவது சொல்லு. ஒரு சொம்புத் தண்ணி மோந்தா ஓடிவந்து பிடுங்குறாரு. தண்ணி இவரு, அடுப்பு இவரு, மாட்டுக்குத் தட்டை இவரு. மகன் வந்து கேட்டா அவனையும் விட மாட்டேங்குறாரு. எனக்குத் தலை பின்னிவிடுறாரு. பாரு, சாக்கு தைச்ச மாதிரி."

தாகிர்பாய் பாத்தாரு. "நல்லாத்தான் இருக்குக்கா. நெல்லு கொட்டினாச் சிந்தாது."

விருமாயி சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே வண்டிக்குப் பின்னாடி போனா. பாடியை இப்பத்தான் முழுசாப் பாக்குறா. ரெண்டு பக்கமும் நீளமா சீட்டு. பிடிக்கிறதுக்குக் கம்பி. பின்னாடி, முன்ன எப்பவும் திறந்து கிடக்கிற இடத்துல, தகரக் கதவு. வெளிய கொண்டி. பன்னெண்டு நம்பர் போல்ட்டு போட்டுக் கெட்டியா முடுக்கியிருந்தான் ஒச்சப்பன். கீழ சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாத்தா.

"கட்டை எங்க வைக்கிறது?"

"கட்டை வேணாம்."

"நான் எங்க உக்கார்றது?"

"முன்னாடி. எம் பக்கத்துல."

"அப்ப நின்னுட்டா எப்படிக் குதிக்கிறது?"

"நிக்காது. நிக்காத அளவுக்குத்தான் அச்சு போடப்போறேன். உடையாது."

விருமாயி தாகிர்பாயைப் பாத்தா. "உடைஞ்சா என்ன ஆகும் தம்பி?"

இத்தனை நாள்ல ஒச்சப்பன் கேக்காத கேள்வி அது. தாகிர்பாய் சட்டியை ஓரமாத் தள்ளி வச்சாரு.

"காட்டுறேங்க்கா. இன்னைக்குக் காட்டிர்றேன்."

"நீ இவருக்குக் காட்டு. எனக்குக் காட்டி என்ன ஆகப்போகுது?" கதவை ஒரு தடவை ஆட்டிப் பாத்தா. அது அசையல. "நல்லாத்தான் முடுக்கியிருக்காரு." முந்தானையை இழுத்துச் சொருகினா. "கஞ்சி ஆறுறதுக்குள்ள குடிங்க. நான் ஆசாரி கடை வரைக்கும் போயிட்டு வர்றேன்."

"அங்க எதுக்கு?"

அவ அதுக்குள்ள ரோட்டுக்கு இறங்கிட்டா.

ஒச்சப்பன் தூக்கைத் திறக்காம அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னான். "பாத்தீகளா ஆசானே. பயமே கிடையாது அவளுக்கு."

"உங்களுக்கு?"

"எனக்கு அவளுக்கும் சேத்து இருக்கு."

தாகிர்பாய் ஸ்டூல்ல கையை ஊனி, ஒரு வழியா எந்திரிச்சாரு. பட்டறை மூலையில இன்னொரு வண்டி நின்னுச்சு. மேகமலைப் பக்கம் தேயிலை ஏத்துற ஒருத்தருது. அதுவும் ராணுவத்துல கழிச்சுக்கட்டினதுதான். ஒச்சப்பன் வண்டிக்கு அண்ணன் தம்பி. வரும்போதே இருந்த பின் அச்சுதான் அதுல இன்னமும் ஓடுது. லாரி அச்சுக்கு முன்னாடி நிறுத்தினா நோஞ்சான் மாதிரி இருக்கும். அந்த மாதிரி அச்சைத்தான் ஒச்சப்பன் தன் வண்டியில இருந்து கழட்டி, சரிவராதுன்னு ஓரமாப் போட்டிருந்தான்.

தாகிர்பாய் அந்த வண்டியோட பின் சக்கரத்துக்கு முன்னாடி குத்தவச்சாரு. சக்கரத்து நடுவுல வட்டமா நட்டு இருந்துச்சு. ஸ்பேனரைப் போட்டு ஒவ்வொண்ணாக் கழட்டினாரு. கடைசி நட்டைக் கழட்டிட்டு, நடு மூடியில சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினாரு. அது அசைஞ்சது. பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சாரு.

"ஆசானே!" ஒச்சப்பன் தூக்கைக் கீழ வச்சுட்டு ஓடினான். "ஜாக்கி! ஜாக்கி போடாம இழுக்குறீக!"

"அண்ணே, கத்தாதீக. கோழி பயப்படும்."

"வண்டி சாஞ்சிரும்!"

"சாஞ்சா பாப்போம்."

ஒச்சப்பன் தன்னையறியாம வண்டிக்கு அடியில தோளைக் கொடுத்தான். கண்ணை மூடிக்கிட்டான். இரும்பு உரசுற சத்தம் நீளமாக் கேட்டுச்சு. எண்ணெய் சொட்டுற சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான். வேற சத்தம் இல்ல.

கண்ணைத் திறந்து பாத்தான். தாகிர்பாய் கையில முழு ஷாப்டு இருந்துச்சு, எண்ணெய் வழிய. சக்கரம் சக்கரமாட்டம் அது இடத்துல இருந்துச்சு. நடுவுல கறுப்பா ஒரு ஓட்டை. வண்டி ஒரு நூல் கூட இறங்கல.

"தோளை எடுங்கண்ணே. நீங்க ஒண்ணும் தாங்கல."

ஒச்சப்பன் தோளை எடுத்தான். வண்டி நின்னுச்சு.

"ஏறி நியூட்ரல்ல போட்டுட்டு வந்து தள்ளுங்க."

தள்ளினான். வண்டி நகந்துச்சு. ஓட்டைச் சக்கரம் மத்த மூணு சக்கரத்தோட சேந்து சுத்துச்சு. தாகிர்பாய் கதவு வழியாக் கையை விட்டு பிரேக்கை அமுக்கினாரு. நாலு சக்கரமும் நின்னுச்சு.

"பிரேக்கு பிடிக்குது"ன்னான் ஒச்சப்பன்.

"டிரம்மு சக்கரத்துல இருக்கு. சக்கரம் கூட்டுல உக்காந்திருக்கு. ஷாப்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, அதுக்குக் கவலை இல்ல." ஷாப்டைச் சுவத்துல சாத்தி வச்சாரு. "இதுல வண்டி பாரத்தைக் கூடு தாங்குது. சுத்துறது மட்டும்தான் ஷாப்டோட வேலை. உங்க ஜீப்புல ரெண்டு வேலையும் ஒரே ஆளு பாத்தான். பாரத்தையும் தாங்கினான், சுத்தவும் செஞ்சான்."

"நல்ல ஷாப்டுதான் அது. கம்பெனி சாமான்."

"நல்ல ஆளுதாண்ணே. அம்புட்டு வருசம் தாங்கியிருக்கான். ஒரு நாளாவது ஒரு சத்தம் கொடுத்தானா?"

"இல்ல."

"ம்."

ஒச்சப்பன் உள்ளங்கையில இருந்த எண்ணெயை வேட்டியில துடைச்சான். தாகிர்பாய் டீ சொல்லிவிட்டாரு. டீ வர்றதுக்குள்ள தூக்கைத் திறந்து ஒச்சப்பன் கஞ்சியைக் குடிச்சான். பாதியைத் தாகிர்பாய்க்குத் தூக்கு மூடியில ஊத்திக் கொடுத்தான். தொட்டுக்க மோர் மிளகாய் வச்சிருந்தா விருமாயி. ஒரு கையால வறுத்தது. ஒண்ணு ரெண்டு கருகியிருந்துச்சு.

"அப்ப இந்த மாதிரி அச்சே போட்டுருவோம். கழட்டின என் அச்சையே மாட்டிருவோம்."

"மாட்டலாம்."

"இதுல ஷாப்டு உடையாதுல்ல?"

தாகிர்பாய் மிளகாயைக் கடிச்சுக்கிட்டே அவனைப் பாத்தாரு. கோவமாப் பாக்கல. சாயங்காலம் வரைக்கும் சுமக்க வேண்டியதைக் காலையிலேயே பாத்துட்ட ஆளு மாதிரி பாத்தாரு.

"உடையும்ணே."

"எப்ப?"

"அது ஷாப்டைத்தான் கேக்கணும்."

"உடைஞ்சா?"

"இப்பத்தான காட்டினேன். நிக்கும். எல்லாரும் இறங்கலாம். ஷாப்டை உருவிப் போட்டுட்டு, முன் சக்கரம் இழுக்க மெதுவாக் கீழ வந்துரலாம். ஆனா ஷாப்டு வரைக்கும் ஏன் விடணும்? அதுக்கு முன்னாடி உடையிறதுக்கு ஒருத்தன் இருந்தான்ல உங்ககிட்ட."

ஒச்சப்பன் நிமிந்தான். "கிராஸ்."

"அவனைத்தான் சனியன்னு திட்டினீக."

"மாசத்துக்கு ஒண்ணு போச்சே ஆசானே. மழையில, சகதியில, அடியில படுத்து..."

"படுத்தீக. மாத்தினீக. பொம்பளைக வெத்தலை போட்டாங்க. வீட்டுக்கு எல்லாரும் முழுசா வந்தீக. கெட்டியான கிராஸ் போட்டீக. அப்புறம் நிக்கவே இல்ல, நேரா ஷாப்டுதான் ஒடிஞ்சது. அதான காலையில இருந்து கேக்குறேன். எது உடையணும்?"

ஒச்சப்பன் சேசிஸுக்கு அடியில குனிஞ்சு பாத்தான். அங்க கிராஸ் மாட்டுற இடம் காலியா இருந்துச்சு. பெரிய சைஸ் கிராஸ் ஒண்ணை வாங்கி, எண்ணெய்க் காகிதம் கூடப் பிரிக்காம, டூல்ஸ் பெட்டியில வச்சிருந்தான். அதை எடுத்துக் கையில வச்சுப் பாத்தான். நல்ல கனம். அந்தக் காகிதத்தோடவே கொண்டுபோயி தாகிர்பாய் மேஜையில வச்சான்.

"சின்ன சைஸ் கொடுங்க"ன்னான். "ரெண்டு கொடுங்க. ஒண்ணு வண்டிக்கு, ஒண்ணு பெட்டிக்கு."

"மூணா எடுத்துக்கங்க. மஞ்சப்பாறை எனக்கும் தெரியும்."

மூணையும் வாங்கி வேட்டி மடியில போட்டுக்கிட்டான். போட்டுட்டும் போகல. வேப்பமரத்தடிக்குப் போயி, அந்த லாரி அச்சு மேல உக்காந்தான். கோழி ரெண்டும் நகந்து இடம் விட்டுச்சு. உக்காந்த இடத்துல இருந்து அவன் வண்டி தெரிஞ்சது. பின்னாடி தகரக் கதவு வெயில்ல பளபளன்னு இருந்துச்சு. அவன் நல்லாச் செஞ்ச வேலை அது ஒண்ணுதான்னு தாகிர்பாயே சொல்லியிருக்காரு.

இன்னும் ஒரு வாரத்துல அவ ஏறுவா. வேணாம்னாலும் ஏறுவா. அவனுக்கு அது தெரியும். ஏறி உக்காந்துட்டு, ஏத்தம் வந்ததும், அந்த ஒத்தைக் கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, குதிக்கிறதுக்குத் தோதா ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காருவா. முன்னாடி உக்கார வச்சாலும் அப்படித்தான் உக்காருவா.

"ஆசானே."

"சொல்லுங்கண்ணே."

"எல்லாம் சரி. நீங்க சொன்னது எல்லாம் விளங்குது. ஆனாலும் கேக்குறேன், கோவிச்சுக்காதீக. எம்புட்டோ தூரம் போறாங்க, என்னென்னமோ செய்றாங்க. உடையாத அச்சுன்னு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, உலகத்துல எங்கயும் இல்லையா?"

தாகிர்பாய் டீ கிளாஸைக் கழுவிக் கவுத்தினாரு. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிமிந்தாரு.

"இருக்குண்ணே."

"எங்க?"

"நீங்க உக்காந்திருக்கீகளே, அதுதான். நான் பட்டறை போட்ட நாள்ல இருந்து அங்க கிடக்கு. கோழி அடையுது. ஒரு கீறல் விழல இன்னைக்கு வரைக்கும்."

ஒச்சப்பன் குனிஞ்சு பாத்தான். கூடு மேல கோழி எச்சம் காஞ்சு வெள்ளையாக் கிடந்துச்சு. அதுக்கு அடியில துரு. அவன் கையை அதுமேல வச்சான். வச்சபடியே இருந்தான்.

ரோட்டுல ஆட்டோ ஒண்ணு வந்து நிக்கிற சத்தம் கேட்டுச்சு.

"மாமா!" விருமாயி குரல். "எங்க இருக்கீக? ஆசாரி புதுக் கட்டை அறுத்துக் கொடுத்துட்டாரு. வேங்கை. செம கனம். இந்தப் பக்கம் நான் பிடிச்சிருக்கேன், வந்து அந்தப் பக்கம் பிடிங்க."

அவன் வாய் வழக்கம்போலத் திறந்துச்சு, நீ விடு, நான் தூக்கிக்கிறேன்னு சொல்ல. சொல்லல.

எந்திரிச்சான். தகரக் கதவுப் போல்ட்டைப் பாத்துட்டு, டூல்ஸ் பெட்டியில இருந்து பன்னெண்டு நம்பர் ஸ்பேனரை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, அந்தப் பக்கம் பிடிக்கப் போனான்.